பிரின் ஹெஸ்கினுக்கு ஓர் ஆள்

டோரீன் ஒலிக்கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். ஆலயத்தின் பின்கூடத்தில், தேநீர் கொதிக்கும் பாத்திரத்தை ஒட்டிய மூலையில் இருந்த மெரெரிட், கைக்குள் அடங்கும் ஒலிவாங்கியை உதட்டருகே கொண்டுபோய், "கேக்குதா டோரீன்?" என்று ஆங்கிலத்தில் கிசுகிசுத்தாள். சுவரோரம் போட்டிருந்த பார்வையாளர் நாற்காலிகளில் டோரீனைத் தவிர வேறு யாரும் இல்லை. இன்று நீல நிறத்தில் நல்ல கோட்டு ஒன்றைப் போட்டிருந்தாள். மடியில், துணி மூடிய தட்டில் திராட்சை ரொட்டி.

ஊர்மன்றம் மாதம் ஒருமுறை கூடும். பேச்சு முழுவதும் அந்த மண்ணின் மொழியான வெல்ஷில்தான். மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கும் ஆறு பேரும் அந்த மொழியிலேயே பிறந்து, அதிலேயே சண்டை போட்டு, அதிலேயே சமாதானமாகிறவர்கள். மெரெரிட் வருவது, வெளியிலிருந்து வந்து குடியேறிய, ஆங்கிலம் மட்டுமே தெரிந்த டோரீன் ஒருத்திக்காக. அவர்கள் பேசப் பேச, அவள் அதை ஆங்கிலமாக்கி அந்த ஒற்றைக் காதுக்குள் ஊற்ற வேண்டும். சொல்வதைச் சொன்னபடி, கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது அவளுடைய தொழிலின் சட்டம். ஆனால் மெரெரிட் ஒவ்வொரு கூட்டத்துக்கு முன்பும் காரில் உட்கார்ந்து, "ஆண்டவரே, என் வாயால் இன்று யாரும் நோக வேண்டாம்" என்று ஒரு நிமிடம் ஜெபிக்கிறவள். சட்டமும் ஜெபமும் இடித்துக்கொள்ளும்போது ஜெபத்தின் பக்கம் சாய்ந்துவிடுவாள். மன்றத்தில் இருந்தவர்களுக்கும் அது தெரியும். "என்ன வேணாலும் பேசுங்கப்பா, மெரெரிட் துவைச்சு இஸ்திரி போட்டுத்தான் அந்தப் பக்கம் குடுப்பா" என்று தலைவர் க்விலிம் பலமுறை சொல்லியிருக்கிறார். அதையும் அவள் துவைத்துத்தான் கொடுத்திருக்கிறாள்.

கூட்டம் தொடங்குவதற்கு முன் டோரீன் அவளிடம் வந்து, கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் மனு போட்டிருக்கேன் கண்ணு. எங்க வார்டுக்குத் தேர்தல்ல யாருமே நிக்கலையாம். மன்றமே ஒரு ஆளை எடுத்துக்கலாமாம். வேற யாரும் கேக்கல. நான் கேட்டிருக்கேன்."

மெரெரிட் அந்தக் கையைப் பார்த்தபடி கேட்டாள்: "திடீர்னு எப்படித் தோணுச்சு?"

"போன மாசம் க்விலிம் சொன்னாரே, நான் வந்து உக்காந்தாத்தான் கூட்டம் நிறைஞ்ச மாதிரி இருக்குன்னு. அத நெனச்சுக்கிட்டே இருந்தேன். என் புருஷன் கென் போனப்புறம் என் வீட்டுக் கதவைத் தட்டுற ஒரே ஆளு தபால்காரன். இந்த மேசையில ஒரு நாற்காலி கெடைச்சா, இந்த ஊர்ல நானும் ஒருத்தின்னு ஆயிடும்ல?"

போன மாதம் க்விலிம் சொன்னது மெரெரிட்டுக்கு நினைவிருந்தது. "இவ வந்து உக்காந்தாத்தான் கூட்டம். மூட்டைப்பூச்சி இல்லாத கட்டில்ல தூக்கம் வருமா?" மேசையே குலுங்கிச் சிரித்தது. டோரீன் சிரிப்பின் காரணம் கேட்கும் முகத்தோடு திரும்பிப் பார்த்தபோது, மெரெரிட்டின் வாயில் ஆங்கிலமாக வந்தது அந்த 'நிறைந்த கூட்டம்' மட்டும்தான். ஒரு கிழவியின் சாயங்காலத்துக்கு ஒரு பிடி சர்க்கரை. அதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று அன்று நினைத்திருந்தாள்.

இப்போது எதையாவது சொல்லித் தடுக்கலாமா என்று வாயைத் திறந்தாள். அதற்குள் க்விலிம் மேசையைத் தட்டிவிட்டார். அவர் ஊரில் கரிக்கடை க்விலிம். கடையை மூடி வெகுகாலம் ஆகியும் பெயர் மட்டும் மூடவில்லை.

முதல் விஷயம் டோரீனுடைய வார்டின் பெயர். வாக்குச் சீட்டிலும் அறிவிப்புகளிலும் அந்த வார்டு இதுவரை 'பிரின் ஹெஸ்கின் – ஃபேர்வியூ' என்று இரண்டு பெயரோடு இருந்தது. பிரின் ஹெஸ்கின் என்பது கோரைப்புல் வளர்ந்த அந்தக் குன்றுக்கு, யார் வைத்தது என்று தெரியாத காலத்திலிருந்து இருக்கும் பெயர். ஃபேர்வியூ என்ற ஆங்கிலப் பெயர் அங்கே சிறு வீடுகள் கட்டி விற்ற ஒருவர் விளம்பரப் பலகைக்காக வைத்தது. பலகையிலிருந்து தபாலுக்கும், தபாலிலிருந்து வாக்குச்சாவடிக்கும் அது ஏறிவிட்டது. இனி வெல்ஷ் பெயர் மட்டும் போதுமா என்று மாவட்டத்திலிருந்து கேட்டிருந்தார்கள். தபால்நிலைய எல்வெட், "ஃபேர்வியூவத் தூக்கிக் கடாசுங்க" என்றார். ஆறு கைகளும் உயர்ந்தன. மெரெரிட்டுக்கு அதில் உண்மையாகவே மகிழ்ச்சி. ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு நடந்து போன வழியில் அவள் வாய் பழகிய பெயர் அது.

டோரீன் மெல்லக் கைதட்டினாள்.

எல்லோரும் திரும்பினார்கள். "எதுக்குத் தட்டுறா இவ?" என்றார் க்விலிம். "இடிக்கிறது தன் வீட்டுச் சுவத்தைன்னு யாராச்சும் சொல்லுங்களேன்."

"உங்கள் ஆதரவுக்குத் தலைவர் நன்றி சொல்கிறார்" என்றாள் மெரெரிட், காதுக்குள். டோரீன் தலையசைத்தாள். அவளுக்கு அந்தத் தீர்மானம் தெரியும், பிடித்தும் இருந்தது. தன் வீட்டு வாசலில் இருந்த ஃபேர்வியூ பலகையைப் போன வாரமே கழற்றிவிட்டதாக மெரெரிட்டிடம் சொல்லியிருந்தாள். மேசையில் இருந்த யாரும் அதை அவளிடம் கேட்டதில்லை.

"பேரு ஒத்தையாச்சு" என்றார் க்விலிம். "இனி ஆளு. யாராச்சும் கேட்டிருக்காங்களா?"

மனுக்களைக் கையில் வைத்திருந்த உறுப்பினர், பெட்டி என்ற பெண், வாயால் சொல்லாமல் முகவாயால் சுவர்ப்பக்கம் காட்டினாள்.

"அட சாமி" என்றார் எல்வெட்.

"பேர்ல பாதிய இப்பத்தான் தொடச்சு எறிஞ்சோம்" என்றார் க்விலிம். "எறிஞ்ச பாதி எந்திரிச்சு வந்து நாற்காலி கேக்குது பாரு."

மெரெரிட் சொன்னாள்: "உங்கள் மனுவைப் பற்றிப் பேசுகிறார்கள்." டோரீன் முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

"எடுத்துக்கிட்டா என்ன ஆகும் தெரியுமா?" எல்வெட் விடவில்லை. "ரோட்டுல ஒரு பள்ளம்னு நான் சொல்றத மெரெரிட் அவளுக்குச் சொல்லி, அவ மெரெரிட்டுக்குச் சொல்லி, மெரெரிட் எனக்குச் சொல்றதுக்குள்ள அந்தப் பள்ளத்துல நானே விழுந்திருப்பேன்."

"பாவம், மாசாமாசம் ரொட்டி கொண்டாறா" என்றாள் பெட்டி. அவள் குரலில் கொஞ்சம் ஈரம் இருந்தது. ஆனால் சிரிப்புக்கு நடுவே அது யாருக்கும் கேட்கவில்லை.

க்விலிம் பேனாவை மூடினார். "ரொட்டிக்கு ஓட்டு கெடையாது பெட்டி. இந்தா பாரு. புருஷனப் பொதைக்கவே நம்ம மண்ணுல ஆறடி குடுத்தாச்சு. மேல நாற்காலி வேறயா?"

இந்த முறை எல்லோரும் சிரிக்கவில்லை. எல்வெட் ஜன்னலைப் பார்த்தார். ஆனால் எதிர்த்து ஒரு சொல்லும் வரவில்லை. புருஷன் என்ற ஒரு வெல்ஷ் சொல் மட்டும் பிடிபட்டது போல டோரீன் மெரெரிட்டைப் பார்த்தாள். இவ்வளவு நேரப் பேச்சுக்குக் காதில் ஒன்றும் விழாததால் புருவம் உயர்ந்திருந்தது. எதையாவது சொல்லியாக வேண்டும்.

"உங்கள் கணவர் இந்த மண்ணில்தான் இருக்கிறார் என்பதை நினைத்துப் பார்க்கிறார்கள்" என்றாள் மெரெரிட்.

டோரீனின் கண்கள் நிறைந்தன. கோட்டுப் பையில் கைக்குட்டையைத் தேடினாள்.

"அப்ப அந்த நாற்காலி காலியாவே கெடக்கட்டும்" என்றார் க்விலிம். "நம்ம புள்ளைங்க யாராச்சும் வருவாங்க. சம்மதம்னா கையத் தூக்குங்க."

இதைத் துவைக்க முடியாது. முடிவு என்பது முடிவு. 'மறுத்துவிட்டார்கள்' என்று சொன்னால் போதும். மெரெரிட் ஒலிவாங்கியை உதட்டில் வைத்தாள். அதற்குள் இருந்த சின்ன இரைச்சலும் அவளுடைய மூச்சும் மட்டும் டோரீனின் காதுக்குள் போயின. மேசையில் ஒவ்வொன்றாகக் கைகள் உயர்ந்தன. கடைசியாகப் பெட்டியின் கை, தோள் உயரத்துக்கு மட்டும்.

ஆறு கைகளையும் பார்த்து டோரீன் எழுந்தாள். தட்டை நாற்காலியில் வைத்தாள். பல நாள் பழகிய வெல்ஷ் வாக்கியத்தை, குழந்தை படியிறங்குவது போல ஒவ்வொரு சொல்லாகக் கால்வைத்துச் சொன்னாள்: "ரொம்ப நன்றி. பிரின் ஹெஸ்கினுக்காக என்னால முடிஞ்சதச் செய்வேன்."

எல்வெட்டின் மூக்கிலிருந்து சிரிப்பு பிய்த்துக்கொண்டு வந்தது. மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். சிலருடைய தோள்கள் குலுங்கின.

"உக்காருங்கம்மா" என்றார் க்விலிம், ஆங்கிலத்தில். "உங்கள எடுக்கல. வேணாம்னுதான் கை தூக்கினோம். காதுல என்னதான் கேட்டுச்சு உங்களுக்கு?" கேட்டுவிட்டு மெரெரிட்டின் பக்கம் திரும்பினார். எல்லோரும் திரும்பினார்கள்.

டோரீனும் திரும்பினாள். அந்தப் பார்வை உடனே எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. கூட்டம் கூட்டமாக, மாதம் மாதமாக, அது பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்ததை மெரெரிட் பார்த்தாள். ஒவ்வொரு நன்றியாக, ஒவ்வொரு பாராட்டாக எடுத்து, புரட்டிப் பார்த்து, கீழே வைத்துக்கொண்டிருந்தது. மெரெரிட் எழுந்து உண்மையைச் சொல்ல நினைத்தாள்.

டோரீன் ஒலிக்கருவியைக் கழற்றினாள்.

"ஒண்ணும் கேக்கல" என்றாள். "இது வேலை செய்யறதில்ல. நான்தான் சொல்லாம இருந்துட்டேன்."

"எத்தன நாளா?"

"ரெண்டு வருஷமா."

க்விலிம் சிரித்த சிரிப்பில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. "ரெண்டு வருஷமா ஒண்ணுமே கேக்காம, கோயில் மாடு மாதிரித் தலையாட்டிக்கிட்டு இருந்திருக்காய்யா" என்று மேசைக்குத் தங்கள் மொழியில் சொன்னார். பிறகு மெரெரிட்டிடம், "அப்ப அடுத்த மாசத்துலேருந்து நீ வர வேண்டாம் பொண்ணே. கேக்காத காதுக்கு எதுக்கு ஆளு?" என்றார். அடுத்து கல்லறைத் தோட்டத்துச் சாக்கடை விஷயத்துக்குப் போனார்கள். டோரீன் ரொட்டித் தட்டைத் தேநீர் மேசையில் வைத்துவிட்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனாள்.

கூட்டம் முடிந்து மெரெரிட் காரை எடுத்தபோது மழை பிடித்திருந்தது. குன்றுக்கு ஏறும் சாலையில், வேலியை ஒட்டி, அந்த நீலக் கோட்டு நடந்துகொண்டிருந்தது. பாதி வழியில் எங்கோ நின்றுவிட்டுத்தான் மறுபடி நடந்திருக்க வேண்டும். மெரெரிட் காரை நிறுத்தி, எட்டிக் கதவைத் திறந்தாள்.

"ஏறுங்க டோரீன். நனையாதீங்க."

டோரீன் ஏறவில்லை. கதவின் மேல்விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். முடியிலிருந்து தண்ணீர் ஒழுகி மூக்கின் நுனியில் தொங்கியது. கோபம் இருந்திருந்தால் மெரெரிட்டுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"உன் மேல வருத்தமில்ல கண்ணு. உன் மனசு எனக்குத் தெரியுது." கொஞ்சம் நிறுத்தினாள். "ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. கென்னப் பத்தி அவரு நெசமா என்ன சொன்னாரு?"

மெரெரிட் வாயைத் திறந்தாள். கண்ணாடியின் துடைப்பான் ஒருமுறை போய் வந்தது, இன்னொரு முறை போய் வந்தது. திறந்திருந்த கதவின் வழியாக மழை சாய்ந்து விழுந்து, பக்கத்து இருக்கையின் துணி இருண்டுகொண்டே வந்தது. டோரீன் கதவைப் பிடித்தபடி காத்துக்கொண்டிருந்தாள்.