கூடைக்கும் ஒரு சீட்டு

ஆரம்பாக்கம் ரைஸ்மில்லிலிருந்து உமி மூட்டை ஏற்றிக்கொண்டு கிளம்பும் லாரி. மூட்டைக்கு மேலே மீன்கூடையோடு உட்கார்ந்து புதுவாயலுக்குப் போவது ஏரிக்கரைக் குப்பத்துப் பெண்களின் வழக்கம். பஸ்ஸில் கூடைக்காரிகளை ஏற்றமாட்டார்கள். உள்ளே வைத்தால் கவுச்சி. மேலே கேரியரில் போட்டால் மீன்தண்ணி ஒழுகி ஜன்னலோரம் உட்கார்ந்தவர் சட்டையில் சொட்டும். பஸ்காரன் சொல்வதிலும் ஞாயம் இருந்தது. ஆனால் மீனுக்கு ஞாயம் தெரியாது, வெயில் ஏறினால் நாறிவிடும்.

சரக்கு லாரியில் ஆள் ஏற்றக்கூடாது என்று சட்டம். அதற்கு அந்தப் பெண்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். கும்முடிப்பூண்டியைத் தாண்டியதும் ரெண்டு தகர டிரம்மும் ஒரு மூங்கில் கழியும் வைத்துக்கொண்டு போலீஸ் நிற்கும். அதற்கு முன்னாலேயே டிரைவர் தானியேல் வண்டியை ஓரம் கட்டுவான். பெண்கள் இறங்கி, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, போலீஸ் கண்ணெதிரே வரிசையாக நடந்து போவார்கள். லாரி யோக்கியமாகக் கழியைத் தாண்டும். திருப்பத்தில் மறைந்ததும் மெதுவாகும். மெதுவாகுமே தவிர நிற்காது, நின்றால் தெரிந்துவிடும். கூடையை மேலே இருக்கும் லோடுமேனிடம் தூக்கிக் கொடுத்துவிட்டு, ஓடுகிற வண்டியின் பின்பலகையைப் பிடித்துத் தொற்றி ஏறிக்கொள்ள வேண்டும்.

சட்டமும் பிழைத்தது, மீனும் பிழைத்தது. எல்லாருக்கும் தெரிந்த கூத்து.

அப்படித் தொற்றும்போதுதான் சின்னப்பொண்ணு கை வழுக்கி விழுந்தாள். சக்கரம் ஏறவில்லை என்பது அவள் செய்த புண்ணியம். தொடை எலும்பு மட்டும் முறிந்தது. எலும்புக்கட்டுக்குப் பேர்போன புத்தூருக்குக் கொண்டுபோய்க் கட்டு கட்டி வந்து குடிசையில் படுக்க வைத்திருக்கிறார்கள். அவள் புருஷன் போட்டில் மீன்பிடிக்கப் போவதா, அவளுக்கு மலசலம் பார்ப்பதா என்று முழிக்கிறான்.

அதோடு கூத்து முடிந்தது. கழியடியில் நிற்கும் ஏட்டு ஆராவமுதன் திருப்பத்தில் இன்னொரு கான்ஸ்டபிளை நிறுத்தினார். கழிக்கு முன்னால் ஏற்றினாலும் கேசு, பின்னால் ஏற்றினாலும் கேசு, லைசென்ஸைப் பிடுங்கிவிடுவேன் என்று தானியேலிடம் சொல்லிவிட்டார். சொன்னால் செய்கிற மனுஷன். திருவள்ளூர்க்காரர், கோயில் குடும்பம், தொப்பிக்குக் கீழே நாமம் எட்டிப் பார்க்கும். கவுச்சி ஆகாது, கூடை கிட்டே வந்தால் கைக்குட்டை மூக்குக்குப் போய்விடும். பெண்கள் அவருக்கு வைத்த பேர் "மூக்குக் கைக்குட்டை".

பெண்கள் குப்பத்திலிருந்தே புதுவாயலுக்கு நடந்தார்கள். போய்ச் சேரும்போது மீன் வாங்குகிற நைட் ஷிப்டு விட்ட பேக்டரி ஆட்கள் ரூமுக்குப் போய்ப் படுத்திருப்பார்கள். மிச்சம் இருப்பவன் மீன் செவுளைத் தூக்கிப் பார்த்து, "இன்னா, போன வாரம் புடிச்சதா?" என்பான். கூடைக்காரிகளில் ஒருத்தியான கெங்கம்மாள், கூடையைக் கவிழ்த்துவிட்டு செங்கல் சூளைக்குப் போகலாம் என்று பேச ஆரம்பித்தாள். சூளைக்குப் போனவர்கள் யாரும் திரும்பி ஏரிக்கு வந்ததில்லை என்று அவளோடு கூடை சுமக்கும் செங்கம்மாளுக்குத் தெரியும். முன்பணம் வாங்கினால் அவ்வளவுதான்.

ஒரு நாள் விடிந்ததும் ரைஸ்மில் வாசலில் செங்கம்மாள் கூடையோடு போய் நின்றாள். கூட கெங்கம்மாளும் குப்பாயியும்.

"யக்கா, என்னைப் பேஜாரு பண்ணாத," என்றான் தானியேல். "எனக்கும் புள்ளகுட்டி கீது."

"இன்னிக்கி ஒரு நாள் ஏத்திக்கோ நைனா. எறங்கற எடத்துல எறங்கிடறேன்."

"கழிக்கு முன்னாடியே எறங்கணும். அப்புறம் நடைதான்."

"எறங்கற எடத்துல எறங்கிடறேன்னு சொன்னேனே."

தானியேல் அதைக் காதில் சரியாக வாங்கவில்லை. வண்டி கிளம்பியது. மூட்டை மேலே லோடுமேன் நாகமுத்து ஏற்கெனவே மல்லாந்து கிடந்தான். லோடுமேன் உட்காரலாம், அதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. அவன் விழுந்தால் எலும்பு முறியாதா என்று செங்கம்மாள் அவனை ஒரு தரம் கேட்டிருக்கிறாள். "கவர்மெண்டு எலும்பு யக்கா, முறியாது," என்றான் அவன்.

வழக்கமான இடத்தில் தானியேல் ஓரம் கட்டினான். கெங்கம்மாளும் குப்பாயியும் இறங்கினார்கள். செங்கம்மாள் இறங்கவில்லை.

"யக்கா."

"வண்டிய எடு."

"யக்கா, எமர்ஜென்சி நடக்குது. எதுத்துப் பேசினவன்லாம் எங்க கீறான்னு தெரியல. வெளயாடாத."

"வெளயாடல. எடு. இல்லன்னா இங்கயே நிக்கட்டும்."

பின்னால் வந்த சிமெண்ட் லாரி ஹாரன் அடித்தது. தானியேல் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தான். கழிக்கு முன்னால் போய் நின்றது. ஏட்டு ஆராவமுதன் அண்ணாந்து பார்த்தார். உமி மூட்டைக்கு மேலே மீன்கூடை, கூடைக்குப் பக்கத்தில் செங்கம்மாள்.

"எறங்கும்மா."

"மாட்டேன் ஏட்டய்யா."

அந்த வார்த்தை அவருக்குப் புதுசு. கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டார். "என்ன சொன்ன?"

"மாட்டேன்னு சொன்னேன். கேசு எழுதணும்னா என் மேல எழுதுங்க. செங்கம்மாள், ஏரிக்கரைக் குப்பம்."

"உன் மேல எழுத சட்டம் இல்ல. ஆள் ஏத்தினதுக்கு டிரைவர் மேலதான் கேசு."

"அப்ப சட்டத்துல நானு யாரு? டிரைவரா இல்ல, லோடுமேனா இல்ல, சரக்கும் இல்ல. சட்டத்துல எனக்கு எடமே இல்லன்னா, என்ன எறங்குன்னு எப்படிச் சொல்றீங்க?"

சொல்லிக்கொண்டே மூட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கீழே கெங்கம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள். பின்னால் வண்டிகள் சேர ஆரம்பித்தன.

ஏட்டு குரலை உயர்த்தவில்லை. "அன்னிக்கி அந்தப் பொண்ணு விழுந்தப்போ ஓடிப்போய்த் தூக்கினது நான்தான். எலும்பு குத்திண்டு நின்னது. ஒரு வாரம் எனக்குச் சோறு எறங்கல. உங்க நல்லதுக்குத்தாம்மா சொல்றேன். இன்னொருத்திய என்னால தூக்க முடியாது."

செங்கம்மாளுக்கு அது தெரியும். கவுச்சிக்கு முகம் சுளிக்கிற மனுஷன் சின்னப்பொண்ணை மீன்தண்ணி ரத்தத்தோடு மார்பில் சாய்த்துத் தூக்கி வந்ததை அவளும் பார்த்தாள். அதனால்தான் இன்னிக்கு இவரிடம் பேச உட்கார்ந்தாள். வேறு ஏட்டாக இருந்தால் நடந்தே போயிருப்பாள்.

"நல்லதுதான் ஏட்டய்யா, இல்லன்னு சொல்லல. ஆனா அவ ஏன் விழுந்தா? மேல குந்திக்கினு வரும்போது விழல. உங்களுக்குப் பயந்து எறங்கி, உங்களுக்குப் பயந்து ஓடற வண்டியில ஏறும்போது விழுந்தா. லாரியில ஏறாதன்னு சொல்றீங்க, சரி, ஏறல. எனக்கும் காலு ஒடிய ஆசையா? ஆனா எதுல போறதுன்னும் சொல்லுங்க. ஆட்டக் கட்டிப் போட்டவன் தழையும் ஒடிச்சுப் போடணும்."

"பஸ் இருக்கே."

"பஸ்ஸு எனக்கு இருக்குது. கூடைக்கு இல்ல. கூடை இல்லாம நானு புதுவாயலு போய் இன்னா பண்றது, கோபுரம் பாக்கறதா?"

மேலே நாகமுத்து சிரித்தான். ஏட்டு அவனை ஒரு பார்வை பார்த்தார், சிரிப்பு நின்றது.

வரிசையில் நாலாவதாகப் பஸ் நின்றிருந்தது. எமர்ஜென்சி காலத்து பஸ், நேரம் தப்பாமல் ஓடவேண்டிய பஸ். கண்டக்டர் பையைத் தட்டிக்கொண்டே இறங்கி வந்தான். "சார், லேட்டானா எனக்கு மெமோ சார். அந்தம்மாவ இழுத்துப் போடுங்க."

செங்கம்மாள் பஸ்ஸைக் கையால் காட்டினாள். "அதுல என்னையும் கூடையையும் ஏத்தச் சொல்லுங்க ஏட்டய்யா. இப்பவே எறங்கறேன்."

"மீனா? ஏறாது," என்றான் கண்டக்டர். "தண்ணி ஒழுகும். ஜனங்க என்னை அடிப்பாங்க."

ஏட்டு பஸ்ஸையும் கூடையையும் மாறி மாறிப் பார்த்தார். இறங்கச் சொல்ல அவருக்கு அதிகாரம் இருந்தது, ஏற்றச் சொல்ல இல்லை. கான்ஸ்டபிள் ஒருத்தன் லாரியில் ஏறப் பலகையில் காலை வைத்தான். ஏட்டு அவன் தோளைப் பிடித்து இறக்கிவிட்டார்.

"ஒழுகறதுதான் பிரச்சனையா?" என்று கண்டக்டரைக் கேட்டார்.

"ஆமா சார்."

"ஒழுகலன்னா?"

கண்டக்டர் பதில் சொல்வதற்குள் மேலேயிருந்து ஒரு உமி மூட்டை தொப்பென்று ரோட்டில் விழுந்தது. நாகமுத்து பின்னாலேயே குதித்தான். "உமி மேல கூடைய வெச்சா ஒரு சொட்டு கீழ எறங்காது. எங்க ஆயா ஐஸ்கட்டிய இதுலதான் வெக்கும்."

"டேய், மொதலாளி உமிடா," என்று தானியேல் கத்தினான்.

"உமிய எவன் எண்ணிக்கினு கீறான்?"

நாகமுத்து பஸ்ஸின் பின் ஏணியில் ஏறி, காலி கோணியைப் பரப்பி, அதில் உமியைக் கொட்டினான். ஜன்னல் வழியாக ஒரு பேக்டரி ஆள் தலையை நீட்டி, "ஏத்துய்யா சீக்கிரம், எங்க சூப்பர்வைசர் மீன விட நாத்தம் புடிச்சவன்," என்றான். பஸ்ஸுக்குள் சிரிப்பு. கண்டக்டருக்கு வேறு வழி தோன்றவில்லை.

"சரி வா. ஏட்டு சொல்றாரேன்னு இன்னிக்கி ஒரு நாள் ஏத்தறேன். கூடைக்கு டிக்கெட்லாம் வேணாம், சும்மா ஏறு."

செங்கம்மாள் மூட்டையிலிருந்து பாதி இறங்கியிருந்தாள். அப்படியே நின்றாள்.

"சும்மா வேணாம். சீட்டு கிழி."

"ஏம்மா, சும்மா ஏத்தறேன்னா கசக்குதா?"

"இன்னிக்கி சும்மா ஏத்தினா நாளைக்கி சும்மா எறக்கிடுவ. காய்கறிக் கூடைக்குக் கிழிக்கிற இல்ல?"

"அது லக்கேஜு."

"இது இன்னா, எங்க ஊட்டு மாப்பிள்ளையா?"

கெங்கம்மாள் வாயிலிருந்த முந்தானையை எடுத்துவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தன் கூடையையும் கொண்டுவந்து பஸ் ஏணியடியில் வைத்தாள். குப்பாயியும் வைத்தாள். மூணு கூடையைப் பார்த்ததும் கண்டக்டர் ஏட்டு முகத்தைப் பார்த்தான்.

"கிழிச்சுக் கொடுய்யா," என்றார் ஏட்டு. "அவங்க கேக்கறதும் சட்டம்தான்."

சீட்டு கிழிந்தது. செங்கம்மாள் வாங்கி, எழுத்து தெரியாவிட்டாலும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகுதான் கூடையை மேலே தூக்கிக் கொடுத்தாள்.

ஏட்டு தானியேல் பக்கம் திரும்பினார். "உன் மேல கேசு உண்டு."

"யக்கா, பாத்தியா? நீ பஸ்ஸுல போற, நானு கோர்ட்டுக்குப் போறேன்."

செங்கம்மாளுக்குச் சுருக்கென்றது. "எழுதுங்க ஏட்டய்யா. ஏத்தினது தப்புதான். ஏத்த வெச்சது நானு. பொன்னேரி கோர்ட்டுக்கு நானும் வரேன். ஜட்ஜய்யா கேட்டா நானே சொல்லிக்கிறேன், ஏன் ஏறினேன்னு."

"வரச் சொல்லி யாரும் உனக்குச் சம்மன் அனுப்ப மாட்டாங்க."

"கூப்புடலன்னா வரக்கூடாதுன்னு சட்டம் கீதா?"

ஏட்டு கான்ஸ்டபிள் பக்கம் திரும்பி, கழியைத் தூக்கச் சொன்னார்.

புதுவாயலில் இறங்கும்போது நைட் ஷிப்டு ஆட்கள் இன்னும் டீக்கடையில் நின்றிருந்தார்கள். கூடை காலியானது.

மறுநாள் காலையில் ஆரம்பாக்கம் பஸ் நிறுத்தத்தில் மூணு பெண்கள், மூணு கூடை. ரைஸ்மில்லில் கேட்டு வாங்கிய உமிச் சாக்கு ஒன்றும் காலிக் கோணி ஒன்றும் செங்கம்மாள் இடுப்பில். பஸ் வந்தது. வேறு கண்டக்டர். படியில் நின்றபடியே கையை ஆட்டினான். "மீன் ஏறாது. ஏட்டும் இங்க இல்ல, போய்ச் சொல்லிக்கோ."

நேற்றுச் செய்தி இவ்வளவு தூரம் வந்துவிட்டதே என்று செங்கம்மாள் நினைத்துக்கொண்டாள். நேற்றுச் சீட்டை எடுத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"நேத்து ஏறிச்சி. அதே ரோடு, அதே மீனு. கிழி."

"கிழிக்கலன்னா?"

செங்கம்மாள் உமிச் சாக்கைக் குப்பாயியிடம் கொடுத்துவிட்டு, பின் ஏணியில் காலை வைத்து ஏறத் தொடங்கினாள். பஸ் நின்றுகொண்டிருந்தது. நிற்கிற வண்டியில் ஏறுவது எவ்வளவு சுலபம் என்று அப்போதுதான் தெரிந்தது. மேலே போய் கோணியை விரித்து, குப்பாயி தூக்கிக் கொடுத்த உமியைக் கொட்டிச் சமமாகத் தட்டினாள். கூடைகளை வாங்கி வைத்தாள். கீழே குனிந்து கண்டக்டரிடம் கையை நீட்டினாள்.

"நேரமாவுது நைனா. மூணு கூடைக்குச் சீட்டு."