ஊசி எடுக்காத இறக்கை

ரேமண்ட் முதல் குண்டூசியைப் பிடுங்கியதுமே ஷர்மைன் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எடுக்காதீங்க மாமா."

"ஹாஸ்பிட்டல்ல இருந்து வண்டி கெளம்பிடுச்சும்மா. இத இங்கயே வச்சிக்கிட்டு உங்கம்மாவ எங்க வைக்கிறது?"

சிங்கப்பூர் எல்லையைத் தாண்டி ஸ்கூடாயில் இருந்த அந்த வரிசை வீட்டின் ஹாலை ஒரு பழைய கதவுப் பலகை அடைத்துக்கொண்டிருந்தது. அதன்மேல் விரித்த வரைபடத்தோடு சேர்த்து, மெல்லிய பால்சா மரச் சட்டங்களாலான இறக்கை ஒன்று குண்டூசிகளால் இறுக்கப்பட்டிருந்தது. ரிமோட்டில் பறக்கும் ஸ்பிட்ஃபயர். உலகப்போர்க் காலத்துச் சண்டை விமானம். தொழிற்சாலை வேலையை விட்டபின் ஷர்மைனின் அம்மா இன்பராணி தானே கற்றுக்கொண்டு செய்தது. அண்ணன் ரேமண்டுக்கு அது விளையாட்டு. கணவர் லூயிஸுக்கு, நிம்மதியாக டிவி பார்க்கவிடாத தொல்லை.

நேற்று மாலை ஷர்மைன் சிங்கப்பூரில் பேருந்துக்கு வரிசையில் நின்றபோது அம்மா போனில் பேசினாள். "இறக்கைய ஒட்டிட்டேன் ஷர்மி. பசை நல்லா காயணும். இப்ப ஊசிய எடுத்தா முறுக்கிக்கும் லா, அப்புறம் நேரா பறக்காது."

இன்று காலை சமையலறையில் விழுந்தவள் எழுந்திருக்கவில்லை.

"முறுக்கிக்கும் மாமா," என்றாள் ஷர்மைன்.

ரேமண்ட் குரலைத் தாழ்த்தினார். "இனிமே யாரும்மா இத பறக்கவிடப் போறா?"

"தெரியல. பலகையோட தூக்குவோம்."

"வாசல் பத்தாது."

"பத்தும். அளந்து பாத்துட்டேன்."

மூலையில் உட்கார்ந்திருந்த லூயிஸ் எழுந்து வந்தார். பலகையின் ஒரு முனையைப் பிடித்தார்.

"மச்சான், நீங்க அந்தப் பக்கம் புடிங்க."

ரேமண்ட் கையிலிருந்த குண்டூசியைப் பார்த்தார். பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அதே துளையைத் தேடிச் செருகினார்.

பக்கத்து வீட்டுத் திருச்செல்வம் தன் காரைச் சாலையில் விட்டுவிட்டு ஓடிவந்து நான்காவது மூலையைப் பிடித்தார். ஷர்மைன் தன் மூலையைப் பிடித்தபடி பின்னோக்கி நடந்தாள்.

"மட்டமா டேடி, மட்டமா. எறக்காதீங்க."

வாசல் நிலையில் லூயிஸின் விரல் முட்டிகள் உராய்ந்து தோல் கிழிந்தது. அவர் பிடியை விடவில்லை. பாதிப் பலகை வெளியே வந்தபோது சவ வண்டி கேட்டருகே நின்றது. இரண்டு பேர் இறங்கிப் பின்கதவைத் திறந்தார்கள்.

"கொஞ்சம் இருங்க," என்றார் லூயிஸ் அவர்களிடம். "இது போயிரட்டும்."

அவர்கள் அப்படியே நின்றார்கள். பலகை அவர்களைக் கடந்து, திருச்செல்வத்தின் கார் நிறுத்தும் கூரைக்குக் கீழே நாற்காலிகளின் மேல் இறங்கியது. ஷர்மைன் குனிந்து சட்டங்களோடு கண்ணை வைத்துப் பார்த்தாள். நேராகத்தான் இருந்தது.

அதன்பிறகே பெட்டி உள்ளே வந்தது.

ஜெபமாலை தொடங்கிச் சற்று நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. அப்பா அருகில் இல்லை என்பதைக் கவனித்த ஷர்மைன் எழுந்து வாசலுக்கு வந்தாள்.

பக்கத்து வீட்டுக் கூரைக்குள் சாரல் சரிந்து அடித்தது. பலகையின் விளிம்பருகே நின்று, இறக்கையின் மேல் குடையைச் சாய்த்துப் பிடித்திருந்தார் லூயிஸ். அவர் சட்டையின் முதுகு நனைந்து ஒட்டியிருந்தது. துக்கத்துக்கு வந்த மாதா கோயில்காரர்கள் அவரைத் தேடி அங்கேயே போய் ஆறுதலாகக் கை நீட்டினார்கள்.

வலது கையிலிருந்த குடையை அசைக்காமல், ஒவ்வொருவருக்கும் இடது கையைக் கொடுத்தார்.