திரும்பாத ஆன்டெனா

பிற்பகலானால் போதும், அந்தக் கிடங்கில் தானே ஓடும் வண்டிகளெல்லாம் நின்ற இடத்திலேயே சிலையாகிவிடும். அவற்றை இயக்கும் ரேடியோ சிக்னல் அறுந்துபோகும். ஆன்டெனா மாட்டியவர் தலைதான் உருளும். இன்னொரு தடவை நின்றால் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று மேனேஜர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

ஆன்டெனாக்காரருக்குத் தன் கைமேல் சந்தேகம் வருமா என்ன? வந்ததெல்லாம் மச்சினன் மேல்தான். மனைவியின் தம்பி அங்கே சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தவன். இந்த வண்டிகள் வந்த பிறகு அவனைக் கீழே இறக்கி, எண்ணெய் டிரம்களுக்கு லேபிள் ஒட்ட விட்டுவிட்டார்கள். கடுப்பு இருக்காதா? "உங்க வண்டிக்குக் கண்ணு தெரியலையா மாமா?" என்று அவன் சிரிக்கும்போதெல்லாம் இவருக்குப் பற்றிக்கொண்டு வரும். எவன் கண்ணிலும் படாமல் தூணில் ஏறி ஆன்டெனாவைத் திருப்பிவிடுகிறான், வேறென்ன?

அவனைப் பிடிக்க ஒரு வழி செய்தார். ஆன்டெனாவின் நட்டையும் அதைத் தாங்கும் இரும்புத் தகட்டையும் சேர்த்துச் சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு இழுத்தார். நட்டு இம்மியளவு திரும்பினாலும் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். ஆனால் அதுவரை பொறுக்க இவரால் முடிந்தால்தானே! மறுநாள் காலை அந்தத் தூணருகே மச்சினன் ஏணியோடு நிற்பதைப் பார்த்ததும் மேனேஜரிடம் ஓடினார். "சொந்தக்காரன்னு பார்க்க முடியாது சார், அவன்தான்," என்று போட்டுக்கொடுத்தார்.

அன்று பிற்பகலும் வண்டிகள் நின்றன. இவர் ஏணியைச் சாத்தி மடமடவென ஏறினார். கோடு விலகவே இல்லை.

நிமிர்ந்தார். ஆன்டெனாவுக்கு நேர் எதிரே இரும்பு டிரம்கள் கூரைவரை நின்றன. தினமும் காலையில் வந்து இறங்கும் சரக்கு பிற்பகலுக்குள் ரேக்குகளை நிரப்பி, இரவில் வெளியே போய்விடும். இவர் சிக்னல் அளந்து பார்த்து மாட்டியதோ விடுமுறை நாளில், காலி ரேக்குகளுக்கு நடுவில். இரும்பைத் துளைத்துக்கொண்டு எந்த அலை போகும்? காலையில் மச்சினன் ஏணியோடு நின்றதும் இந்த டிரம்களுக்கு லேபிள் ஒட்டத்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஏணி அசைந்தது. கீழே மச்சினன், இரண்டு கையாலும் அதைப் பிடித்தபடி நின்றான். இவனுக்குத் தெரிந்துவிட்டதா? தள்ளிவிடத்தான் வந்திருக்கிறானா?

"டேய், என்னடா பண்றே?"

"தரையெல்லாம் எண்ணெய் மாமா, ஏணி வழுக்குது. பார்த்து இறங்குங்க."

"உனக்கு வேலை இல்லையா?"

"இல்ல மாமா. காலையிலேயே நிறுத்திட்டாங்க. யாரோ என்னைப் பத்தி ஏதோ சொன்னாங்களாம். பையை எடுத்துட்டுப் போக வந்தேன், நீங்க ஆள் துணையில்லாம ஏறியிருந்தீங்க." கொஞ்சம் தயங்கினான். "நீங்க சொன்னா மேனேஜர் கேப்பார். எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

இவர் ஒவ்வொரு படியாக இறங்கினார். தரையில் கால் வைத்ததும், "அந்த யாரோ நான்தான்டா," என்றார்.