உப்பு போட்ட ஐஸ்

மறியல் ஒரு வாரம் நடக்கும் என்று உறுதியானதும் என் தம்பி தீனதயாளன் கோடரிக்குப் பிடி மாற்றப் போனான். நான் வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தேன்.

அது எண்பத்தேழு செப்டம்பர். இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் ஆட்கள் சாலைகளை மறிக்கப் போகிறார்கள், பஸ் ஓடாது, கடை திறக்காது என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போனார்கள். களமருதூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அந்த வருஷம் மழையும் ஏமாற்றியிருந்ததால் குதிரில் நெல் பாதிகூட இல்லை. அப்பா கள்ளக்குறிச்சி சந்தையில் மலைக்காரர்களிடம் ஒரு மூட்டை சாமை வாங்கி வந்தார். மண்ணெண்ணெய், தீப்பெட்டி, பருப்பு, மாட்டுக்குத் தவிடு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, எத்தனை நாளைக்கு வரும் என்று பக்கத்தில் குறித்து, சோற்றுப் பசையால் சுவரில் ஒட்டினேன்.

"இன்னாடி இது, பரீட்சை அட்டவணை மாதிரி?" என்று அம்மா கேட்டாள்.

நான் விருத்தாசலத்தில் பி.எஸ்சி. வேதியியல் படித்து முடித்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு வீட்டில் இருந்தேன். நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. எழுதுவது வரும்.

பட்டியலில் முதலில் எழுதியது அம்மாவின் இன்சுலின். அம்மா பெயர் கொளஞ்சியம்மாள். நாற்பத்தாறு வயது. மூன்று வருஷமாகச் சர்க்கரை நோய். தினமும் காலையில் கண்ணாடி ஊசிக்குழலைக் கொதிக்க வைத்து நான்தான் ஊசி போடுவேன். மருந்துப் பாட்டில் தண்ணீர்ப் பானைக்கு அடியில் ஈர மணலில் புதைந்து கிடக்கும். எங்கள் ஊரில் யார் வீட்டிலும் ஃபிரிஜ் இல்லை.

மறியலுக்கு முந்தைய நாள் உளுந்தூர்பேட்டைக்குப் போய் இன்னொரு பாட்டில் வாங்கினேன். கையில் ஒன்றும் புதிதாக ஒன்றும் இருந்தால் ஒரு மாதத்துக்குக் கவலையில்லை. அதோடு நின்றிருக்கலாம். வெயில் கடுமையாக இருந்தது. ஒரு வாரத்தில் எதுவும் கெட்டுப்போகக் கூடாது என்று சோடாக் கடையில் பெரிய ஐஸ் கட்டி ஒன்றை வாங்கி, உமி போட்ட சாக்கில் சுற்றி, கடைசி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பாவாடையெல்லாம் நனைந்துவிட்டது. கண்டக்டர், "மீன் வியாபாரமா பாப்பா?" என்று கேட்டார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பெரிய பானையில் உமி பரப்பி ஐஸை வைத்து, நடுவில் ஒரு தகர டப்பா. டப்பாவுக்குள் இரண்டு பாட்டில். மூடி மேல் ஈரத்துணி. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அப்பா காசிநாதன் அதிகம் பேசாதவர். "நல்லாருக்குது" என்றார்.

மறுநாள் விடிந்ததும் டப்பாவைத் திறந்தேன். டப்பாவின் வெளிப்புறம் வெள்ளையாகப் பூத்திருந்தது. இரண்டு பாட்டிலிலும் மருந்து கல்லாக உறைந்திருந்தது.

ஐஸ் மட்டும் இருந்தால் இப்படி ஆகாது. உமியைத் தள்ளிப் பார்த்தேன். கல்லுப்பு.

"யாரு உப்பு போட்டது?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுப்பைப் பார்த்தாள்.

"மீன்காரன் போடுவான்ல. போட்டா ஐஸ் ஜாஸ்தி நேரம் நிக்குமாம். அவ்ளோ தூரம் மடியில வச்சிக்கினு வந்தியேன்னு போட்டேன். கம்மியாதான் போட்டேன், ரெண்டு கை."

உப்பு கலந்த ஐஸ், உறைநிலைக்கும் கீழே போகும். கல்லூரியில் என் கையாலேயே செய்து பார்த்து, நோட்டில் எழுதி, மார்க்கும் வாங்கியிருக்கிறேன். வீட்டில் ஒருவரிடமும் சொன்னதில்லை. சுவரில் ஒட்டிய தாளைப் படிக்க அம்மாவுக்குத் தெரியாது. ஆனால் அம்மா மேல் குற்றம் இல்லை. இரண்டு பாட்டிலையும் ஒரே பானையில் வைத்தது நான். மணலில் நன்றாக இருந்ததை எடுத்து வைத்ததும் நான்தான்.

பாட்டில்களை வெளியே வைத்தேன். அரை மணி நேரத்தில் உருகிவிட்டது. வழக்கமாக உள்ளங்கையில் உருட்டினால் நீர்ப்பால் மாதிரி ஒரே சீராகக் கலங்கும். இப்போது திரிதிரியாகக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றது.

"உருகிடுச்சே, போட்டுடு" என்றார் அப்பா.

"வேலை செய்யாதுப்பா. எவ்ளோ செய்யும்னும் தெரியாது."

"அப்ப?"

அப்பா சைக்கிளில் களமருதூர் போய்வந்தார். அங்கே இன்சுலின் இல்லை. வழியில் இரண்டு இடத்தில் புளிய மரம் விழுந்து கிடக்கிறது என்றும், தார் ரோட்டில் ஆள் நடமாட்டமே இல்லை என்றும் சொன்னார்.

அம்மாவுக்குச் சாமைக் கஞ்சியும் கீரையும் மட்டும் கொடுத்தேன். அன்று ராத்திரி நாலு தடவை எழுந்து தண்ணீர் குடித்தாள். காலையில் பெனடிக்ட் கரைசலில் எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டுக் கொதிக்க வைத்தேன். சர்க்கரை இல்லையென்றால் நீலமாகவே இருக்கும். செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. அம்மா எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்தாள்.

"நீ உளுந்தூர்பேட்டை போ," என்றார் அப்பா. "எனுக்கு அந்த மருந்துப் பேரு வாயில நுழையாது. இவ விழுந்தா ஒன்னால தூக்க முடியாது. தீனா அங்கதான் மறியல்ல எங்கியாச்சும் இருப்பான்."

எனக்குச் சைக்கிள் ஓட்ட வராது; தூக்குவாளியில் கஞ்சியை எடுத்துக்கொண்டு நடந்தேன். ஏரிக்கரை, வரப்பு, ஓடை. மூன்று மணி நேரம் ஆனது.

நான் எப்போதும் இன்சுலின் வாங்கும் கவுஸ் பாஷாவின் மருந்துக் கடை ஷட்டர் மூடியிருந்தது. கடைக்குப் பின்னால்தான் வீடு. கதவைத் தட்டினேன். பாதி திறந்து எட்டிப் பார்த்தார்.

"பாப்பா, நேத்தே காலிம்மா. ரெண்டு பாட்டில் இருந்துச்சு, டவுன்ல ரெண்டு பேரு வாங்கிக்கினாங்க."

நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் வெளியே வந்தார்.

"சரக்கு வருது. வரலேன்னு சொல்லல. விழுப்புரத்துலேர்ந்து வேன் கெளம்பி, ஊருக்கு வடக்கே நாலு கிலோமீட்டர்ல மரத்தாண்ட நிக்குது. டிரைவர் நடந்து வந்து சொல்லிட்டுப் போனான். ஐஸ் பொட்டி அதுலதான்."

"எங்க நிக்குதுங்க? நெழல்லியா?"

"மரத்தத்தான் வெட்டிட்டாங்களே, நெழலுக்கு எங்க போறது?"

தகர வேன். வெயில். ஐஸ் முதல் நாளே உருகியிருக்கும். நிழலில் இன்சுலின் சில வாரம் தாங்கும், வெந்தால் தாங்காது. மணி பத்தரை.

"நீங்க வந்து கேட்டா குடுப்பாங்களா?"

"நான் வந்தா, கட தொறக்க வந்தான் பாருன்னுவாங்கம்மா. ஏன் வம்பு? நீங்க அவங்க ஆளு. நான் லெட்டர் தரேன்." கடை முத்திரை குத்தி, பெட்டியை இவரிடம் கொடுக்கவும் என்று டிரைவருக்கு எழுதிக் கொடுத்தார். அவர் மனைவி கமர் ஜஹான் ஒரு டம்ளர் டீயை நீட்டி, குடித்துவிட்டுத்தான் போகவேண்டும் என்றார். நின்றபடியே குடித்தேன்.

அடுத்த நாலு கிலோமீட்டரும் என்ன பேசவேண்டும் என்று மனதில் எழுதிக்கொண்டே போனேன்.

சாலைக்குக் குறுக்கே இரண்டு புளிய மரம். அவற்றின் மேலும் கீழுமாக இருநூறு ஆட்கள் இருக்கும். ஒரு பக்கம் அண்டாவில் சோறு வெந்தது. அந்தப் பக்கம் லாரிகள் வரிசையாக நின்றன. முதல் லாரிக்குப் பின்னால் சின்ன வெள்ளை வேன். என்னைப் பார்த்ததும் ஒருவன் கத்தினான்.

"தீனா! ஒங்க அக்கா மறியலுக்கு வந்துக்கினு கீறாங்க பாரு!"

"பி.எஸ்சி. வந்துட்டாங்கடா. இனிமே கோட்டா சீக்கிரம் கெடச்சிடும்."

சிரித்தார்கள். தீனதயாளன் மரத்திலிருந்து குதித்து வந்தான். முகம் சிவந்திருந்தது.

"இன்னாக்கா நீ? இங்கெல்லாம் எதுக்கு வந்த?"

"அம்மாவுக்கு நேத்திலேர்ந்து ஊசி இல்ல."

அவன் புரியாமல் பார்த்தான். "ரெண்டு பாட்டில் வச்சிருந்தியே?"

"கெட்டுப்போச்சு. வேற அந்த வேன்ல இருக்குது."

"ஏன் சொல்லி அனுப்பல?"

"யாரு வருவா? வழியெல்லாம் மரம்."

தோளில் துண்டு போட்ட ஒரு பெரியவரிடம் என்னை அழைத்துப் போனான். அவர்தான் அந்த இடத்துக்குப் பொறுப்பு. கடிதத்தைப் படித்து மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"இந்த வேனை வுட்டா, பின்னால நிக்கிற நாப்பது வண்டியும் கேக்கும்மா. ஒவ்வொருத்தனுக்கும் ஒரு காரணம் இருக்குது. இது ஒங்களுக்காகவும்தான நடக்குது?"

"அண்ணே, எங்கம்மாண்ணே" என்றான் தீனா.

"எல்லாருக்கும் அம்மா இருக்காங்கடா."

மனதில் எழுதி வைத்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வேனைப் பார்த்துப் பேசினேன்.

"வண்டி வர வேணாங்க. பொட்டி மட்டும் வந்தா போதும்."

"கேக்கல. சத்தமா சொல்லும்மா."

"வண்டி அங்கியே நிக்கட்டுங்க. மருந்துப் பொட்டிய ஆளுங்க தூக்கியாரட்டும். மரத்துக்கு இந்தாண்ட வந்ததும் நான் எடுத்துக்கினு நடந்து போறேன். ரோடு மறிச்சது மறிச்சதாவே இருக்கும்." நிறுத்தினால் மறுபடி பேச முடியாது என்று தெரிந்தது. "வெயில்ல இன்னும் ரெண்டு மணி நேரம் நின்னா அது மருந்தே இல்லீங்க. எங்கம்மாவுக்கு மட்டும் இல்ல, இந்தச் சுத்துவட்டாரத்துல ஊசி போட்டுக்கிறவங்க எல்லாருக்கும் இதான் வரணும். அதுல ஒங்க ஊர்க்காரங்களும் இருப்பாங்க."

மரத்தின் மேல் உட்கார்ந்திருந்த ஒருவர், "ஏம்மா, அதுல பிரஷர் மாத்திரையும் இருக்குமா?" என்று கேட்டார்.

"இருக்கும்னு நெனைக்கிறேங்க."

"எங்க மாமனாருக்கு நாளையோட முடியுது" என்று பெரியவரிடம் சொன்னார்.

"ஒன் மாமனாருக்கா? அவருக்கு பிரஷர் வராம இருக்குமா, ஒன்ன மருமகனா வச்சிக்கினு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பெரியவரும் சிரித்துவிட்டார்.

"தூக்கியாங்கடா. மருந்துப் பொட்டிங்க மட்டும். வேற ஒரு சாமான் எறங்கக் கூடாது."

டிரைவர் கடிதத்தை வாங்கிக்கொண்டு பின்கதவைத் திறந்தார். ஆறு அட்டைப் பெட்டிகளும் ஒரு தெர்மோகோல் பெட்டியும் கை மாறிக் கை மாறி மரத்தைத் தாண்டின. தெர்மோகோல் பெட்டியை அங்கேயே பிரித்தேன். ஐஸ் முழுவதும் தண்ணீராகியிருந்தது. கையை விட்டேன். தண்ணீர் இன்னும் சில்லென்றிருந்தது. ஒரு பாட்டிலைத் துடைத்து உருட்டினேன். சீராகக் கலங்கியது.

தீனா ஒரு சைக்கிளை இரவல் வாங்கி, அந்தப் பெட்டியை அதன் கேரியரில் கட்டினான். மற்றதை நாலு பேர் தலையில் சுமந்து வந்தார்கள். கவுஸ் பாஷா ஷட்டரை முழங்கால் உயரத்துக்குத் தூக்கி ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொண்டார். பெட்டி சுமந்து வந்தவர்களில் மாத்திரை கேட்டவரும் இருந்தார்; அவரிடம் மாமனாரின் மாத்திரையைக் கொடுத்தார். எனக்கு இரண்டு பாட்டில் எடுத்து வைத்தார். நான் ஒன்று போதும் என்றேன்.

சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வீட்டுக்குப் போனேன். மரம் கிடந்த இடங்களில் இறங்கி, இருவருமாக சைக்கிளைத் தூக்கித் தாண்டினோம். ஊர் எல்லைக்கு வந்ததும் தீனா கேட்டான்.

"நீ இல்லாத நாள்ல அம்மாவுக்கு யாருக்கா ஊசி போடுவாங்க?"

"நான் எங்க போவப் போறேன்?"

"வேலை கெடச்சா போவல்ல?"

நான் அதை எழுதி வைத்திருக்கவில்லை.

அன்று மதியம் நான் ஊசி போட்டேன். மறுநாள் காலையில் தீனா மறியலுக்குக் கிளம்புமுன் சமையலறையில் உட்கார்ந்து, வெறும் தண்ணீரை உறிஞ்சி ஒரு கத்தரிக்காயில் குத்திக் குத்திப் பழகினான். ஊசிக்குழலில் எந்தக் கோடு வரை, காற்றுக் குமிழியை எப்படித் தட்டி வெளியேற்றுவது என்று காட்டினேன். எட்டுத் தடவை குத்தினான். அப்பா சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் பக்கத்தில் வந்து குந்திக்கொண்டார்.

"அடுத்து எனுக்குக் காட்டு" என்றார்.

"அய்யோ, நீ வேணாம்" என்றாள் அம்மா. "நீ மாட்டுக்குப் போடற மாதிரி போடுவ."

குழலைக் கொதிக்க வைத்து எடுத்து, அளவை நான் சரிபார்த்தேன். தீனா அம்மாவின் தொடையைத் துடைத்தான். அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"போடுடா. எவ்ளோ நேரம் பாத்துக்கினு இருப்ப?"

"போட்டாச்சும்மா" என்றான்.