ஜீவராணிக்குக் கோபம் ஆகாது

சிலருக்குக் கத்தரிக்காய் ஆகாது, சிலருக்குக் கருவாடு ஆகாது. ஜீவராணிக்குக் கோபம் ஆகாது என்று தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் சொல்லிவிட்டார்கள். சொன்னது ஒரு மத்தியானத்தில். பொழுது சாய்வதற்குள் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் சேதி போய்விட்டது. அதற்குப் பிறகு அவள் வாயைத் திறக்க வேண்டிய இடங்களிலெல்லாம் அக்கறையுள்ள யாராவது ஒருவர் முன்னால் வந்து நின்று, "கோவப்படாத ராணி" என்றார்.

முதல் தடவை அந்தப் படபடப்பு மலையில் வைத்து வந்தது. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவள் சரிவில் தாழ்ந்து நின்ற ஒரு செடியின் பக்கம் குனிந்தாள். நெஞ்சு திடீரென்று இடிக்கத் தொடங்கியது. மண்டை தெறித்தது. பனிக்காற்றிலும் முகம் வியர்த்துக் கொட்டியது. பக்கத்து நிரையில் நின்ற ராக்காயி திரும்பிப் பார்த்துவிட்டு, "அடியே, என்னடி மொகமெல்லாம் சுண்ணாம்பா வெளுத்துப்போச்சு!" என்று கத்தினாள். கத்திக்கொண்டே கூடையை இறக்கி, அவளைக் கைத்தாங்கலாக டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனாள்.

டிஸ்பென்சரிக்கு ஒரு சட்டம் உண்டு. கூடையும் படங்கும் வாசலோடு சரி. படங்கு என்பது செடியின் ஈரம் சேலையில் ஏறாமலிருக்கப் பெண்கள் இடுப்பைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொள்ளும் தார்ப்பாய்த் துண்டு. எந்நேரமும் சேறும் அட்டையுமாக இருக்கும். கழுவித் துடைத்த சிமெந்துத் தரையில் அதோடு போய் நின்றால் யாருக்குத்தான் பிடிக்கும்? ஜீவராணியும் வாசலில் அதை அவிழ்த்து வைத்துவிட்டு வாங்குப் பலகையில் உட்கார்ந்தாள். அங்கே பொறுப்பாக இருந்த பிரதாப் நல்ல மனிதர்தான். டொக்டருக்குப் படித்தவர் இல்லை, ஆனாலும் எல்லோருக்கும் அவர் ஐயா. "படபடப்பு அடங்கட்டும். கொஞ்ச நேரம் அமைதியா ஒக்காந்திருங்க" என்றார். படபடப்பு அடங்கிய பிறகு மெஷினை மாட்டிப் பார்த்தார். பிரஷர் சரியாக இருந்தது.

இரண்டாம் தடவையும் அப்படித்தான், மூன்றாம் தடவையும் அப்படித்தான். மலையில் செத்துப் பிழைத்து வருவாள், வாங்கில் உட்காருவாள், மெஷின் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடும்.

"வீட்டுல ஏதும் பிரச்சினையா?" என்று கேட்டார் பிரதாப்.

"பிரச்சினையில்லாத வீடு எங்கங்கய்யா இருக்கு?"

"அதான். கோவம் வருது, பிரஷர் ஏறுது, எறங்குது. கோவத்தக் கொறச்சுக்கங்க. எல்லாம் சரியாப்போகும்."

வைத்தியம் அவ்வளவுதான். ஜீவராணிக்கு அதைவிடப் பெரிய கெடுதலை எதிரிகூடச் செய்திருக்க முடியாது. ஏனென்றால் கோபப்படுவதற்கு அந்த வருஷம் அவளுக்கு நியாயமான காரணம் ஒன்று இருந்தது.

லயத்துக்குப் பின்னால் காடாகக் கிடந்த ஒரு துண்டு நிலத்தை அவள் தனியாளாகக் கொத்தித் திருத்தி, லீக்ஸும் போஞ்சியும் போட்டிருந்தாள். அவளுடையது என்று சொல்ல உலகத்தில் இருந்தது அது ஒன்றுதான். அதில் அறை கட்டிக்கொள்ளச் சொல்லி அவள் புருஷன் சோலைமலை, கொழும்பிலிருந்து குடும்பத்தோடு திரும்பி வந்திருந்த தம்பி வினோஜனிடம் வாக்குக் கொடுத்துவிட்டான். அதைக்கூட அவன் வாயால் அவள் கேட்கவில்லை. பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது நாலு பேர் முன்னால் கேள்விப்பட்டாள். குடத்தை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

"என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"ராணி, கோவப்படாத. ஐயா என்ன சொன்னாரு? ஒனக்கு ஆகாது புள்ள." கல்யாணம் முடித்த நாளிலிருந்து சோலைமலை அவ்வளவு இதமாகப் பேசி அவள் கேட்டதில்லை. ஒரு செம்பில் தண்ணீர் வேறு கொண்டுவந்து கொடுத்தான். அந்தச் செம்பை அவன் தலையில் கவிழ்க்க வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

மலையிலும் இதே கதைதான். கொழுந்து நிறுக்கும்போது முத்துலிங்கம் கங்காணி, இலையில் ஒட்டியிருக்கும் தண்ணீருக்கென்று எடையில் ஒரு கழிவு கழிப்பார். வெயில் அடிக்கிற நாளிலும் கழிப்பார். எப்போதும் அதைத் தட்டிக் கேட்கிறவள் ஜீவராணி ஒருத்திதான். இப்போது அவள் நிமிர்ந்து பார்த்தாலே போதும், "யாராச்சும் ராணிக்குத் தண்ணி குடுங்கம்மா, பிரஷர் ஏறப்போகுது" என்பார் கங்காணி. நிரையில் நிற்கிற பெண்கள் சிரிப்பார்கள். அவள் கேட்டால் தங்களுக்கும்தான் நல்லது என்பது தெரிந்தும் சிரிப்பார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கொழுந்துச் சாக்கை மடித்துக்கொள்வாள்.

அவள் ஒன்றும் விளங்காதவள் இல்லை. பீலியிலிருந்து வந்த அன்று அவ்வளவு கோபப்பட்டாள். அன்றைக்கு அந்தப் படபடப்பு வரவில்லை. ராக்காயி சொன்ன பகிடிக்கு வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டே செடிப் பக்கம் குனிந்த ஒரு காலையில் வந்தது. இதைப் பிரதாப்பிடம் போய்ச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"உள்ளுக்குள்ள கோவம் இருக்கும்மா. ஒங்களுக்கே தெரியாது."

எனக்கு வருகிற கோபம் எனக்கே தெரியாதாம், இவருக்குத் தெரியுமாம்! அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்து அன்றிரவு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஹட்டனுக்கு பஸ் ஏறிப்போய் ஒரு கிளினிக்கிலும் காட்டினாள். நல்ல சேலை கட்டி, தலைவாரி, கதிரையில் அமைதியாக உட்கார்ந்து காட்டினாள். அங்கேயும் பிரஷர் சரியாகத்தான் இருந்தது. ஓய்வெடுக்கச் சொன்னார்கள். தோட்டத்தில் யார் அவளுக்கு ஓய்வு கொடுப்பது? உடம்பு மட்டும் இளைத்துக்கொண்டே போனது. படங்கு இடுப்பில் நிற்காமல் நழுவியது. அதனால் அவள் கயிற்றை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்து முடிச்சுப் போட்டாள். ஒருநாள் மலையிலேயே விழுந்து செத்துப்போவோம், கோபத்தில் செத்தாள் என்று ஊர் பேசிக்கொள்ளும் என்ற பயம் அவளுக்கு வந்துவிட்டது. சாவதைவிட அந்தப் பேச்சை நினைத்தால்தான் வயிறு எரிந்தது.

மழை பிடித்த ஒரு காலையில் அவள் பின்கதவைத் திறந்தபோது காய்கறிப் பாத்தியில் கல் குவிந்திருந்தது. அறை கட்டுவதற்காக, அவளிடம் கேட்காமல் இறக்கியிருந்தார்கள். லீக்ஸ் பாத்தி முழுவதும் கல்லுக்கு அடியில் கிடந்தது. சோலைமலை கதவோரம் நின்று, "இங்க பாரு, கோவப்படாத…" என்று தொடங்கினான். அவள் அவனைத் தாண்டிப் போனாள். படங்கை எடுத்தாள். வாயால் சொல்ல முடியாததையெல்லாம் சேர்த்து அந்தக் கயிற்றை இழுத்துக் கட்டினாள். காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போய்விட்டாள்.

அன்று வேலை டிஸ்பென்சரிக்கு மேலே இருந்த மலையில். மூன்றாவது செடியிலேயே அது பிடித்தது. இதுவரை வந்ததெல்லாம் ஒன்றுமில்லை என்கிற மாதிரிப் பிடித்தது. கண் இருண்டது, வாந்தி வந்தது, பிடரியில் யாரோ சம்மட்டியால் போட்டார்கள். ராக்காயி ஓடிவந்து தாங்கினாள். இரண்டு பேரும் பாதி வழுக்கியும் பாதி உருண்டும் கீழே வந்தார்கள். வாசலில் ராக்காயி பழக்கதோஷத்தில் கயிற்று முடிச்சில் கைவைத்தாள். ஜீவராணி அந்தக் கையைத் தட்டிவிட்டாள். சேறு சொட்டச் சொட்ட நேரே உள்ளே போய்ப் பிரதாப்பின் மேசைக்கு முன்னால் இருந்த கதிரையில் உட்கார்ந்தாள்.

"என்னம்மா இது? படங்க வெளிய அவுத்து வச்சிட்டு வாங்க."

"முடியாது."

"வாங்குல கொஞ்சம் ஒக்காருங்க. படபடப்பு அடங்கட்டும், பாக்கிறேன்."

"அடங்குன பொறகு பாக்கிறதுக்கு ஒங்க மெஷின் எதுக்கு? இப்பப் பாருங்க."

"ராணி, கோவப்…"

"அந்த வார்த்தைய இன்னொரு தடவ சொன்னீங்க, இந்த மெஷினத் தூக்கி ஓடையில போட்டுருவேன். கைய நீட்டிட்டேன். மாட்டுங்க."

பயத்தில்தான் மாட்டினார். மெஷின் ஊதி, நின்று, இறங்கியது. பிரதாப் எண்ணைப் பார்த்தார். மெஷின் பழுது என்று நினைத்து மறுகையில் மாட்டினார். இருநூற்று நாற்பது. ராக்காயிக்கு எண் விளங்கவில்லை. ஆனால் ஐயாவின் முகம் விளங்கியது. "ஐயோ, என்னங்கய்யா?" என்று அழ ஆரம்பித்தாள். பிரதாப் பதறிப்போய் ஜீவராணியைக் கட்டிலில் படுக்க வைத்தார். நனைந்து இறுகிய முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. கத்தரிக்கோலால் கயிற்றை வெட்டினார். படங்கு தரையில் விழுந்தது. சற்று நேரத்தில் அவள் முகத்தில் ரத்தம் திரும்பியது. திரும்பவும் மாட்டினார். எண் இறங்கியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் இன்னும் இறங்கியது.

பிரதாப் வெட்டுண்ட கயிற்றைப் பார்த்தார். அவள் இடுப்பில் கயிறு பதிந்த சிவந்த தடத்தைப் பார்த்தார். பிறகு வாசலில் இருந்த வாங்கைப் பார்த்தார்.

"ஒவ்வொரு தடவையும் இத அவுக்கச் சொல்லி, ஒக்கார வச்சி…" என்றவர் நிறுத்திக்கொண்டார்.

"சொல்லுங்க" என்றாள் ஜீவராணி படுத்தபடியே.

"…எல்லாம் எறங்குன பொறகுதான் அளந்திருக்கேன்."

"நான் செத்திருந்தா என்னன்னு சொல்லியிருப்பீங்க? கோவத்துல செத்தாள்னா?"

பிரதாப் எழுந்தார். வெளியே போய் ஆம்புலன்ஸுக்கு போன் எடுத்தார்.

நுவரெலியாவில் அவளைப் பார்த்தது ஒரு சிங்கள டொக்டரம்மா. தமிழ் கொஞ்சம்தான் வரும். பிரதாப் கொடுத்தனுப்பிய கடிதத்தில் கயிற்றைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, கையில் மெஷின் இருக்கும்போதே அவள் இடப்பக்க விலாவுக்குக் கீழே மெல்ல அழுத்தினார். எண் ஏறியது. உடனே கையை எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு ரத்தம், சிறுநீர், ஸ்கேன். சிறுநீரகத்துக்கு மேலே ஒரு கட்டி, எலுமிச்சங்காய் அளவு. அழுத்தம் பட்டால் அதிலிருந்து ஒரு சுரப்பு ரத்தத்தில் கலக்கிறது, பிரஷர் தாறுமாறாக ஏறுகிறது. குனியும்போது கயிறு அந்த இடத்தைத்தான் அழுத்தியிருக்கிறது. படங்கு இல்லாவிட்டாலும் ஒருநாள் அது வேலையைக் காட்டியிருக்கும் என்றார்.

"கோவத்தால வந்ததா டொக்டர்?"

"யார் சொன்னது? இது கட்டி. கோவம் இல்ல." டொக்டரம்மா சொற்களைத் தேடித் தேடிச் சொன்னார். "கட்டி எடுத்து, நல்லா சுகமான பிறகு, நீங்க எவ்வளவு வேணும் கோவப்படலாம்."

ஜீவராணி அழுதாள். பக்கத்துக் கட்டில்காரி பயப்பட வேண்டாம் என்று தேற்றினாள். பயமா? இத்தனை மாதமாக ஊரே சேர்ந்து அவள் வாயை அடைத்து வைத்திருந்ததே, அந்த ஆத்திரத்தில் அழுதாள்.

கண்டியில் ஒப்பரேஷன் நடந்தது. அவள் தேறித் தோட்டத்துக்குத் திரும்பியபோது லயத்து முற்றத்தில் கூட்டம் கூடிவிட்டது. ராக்காயி கட்டிப்பிடித்துக் கொண்டாள். முத்துலிங்கம் கங்காணி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்திருந்தார். பிரதாப் யாரும் கூப்பிடாமல் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். ஜீவராணி யாரையும் பார்க்கவில்லை. நேரே பின்பக்கம் போனாள். அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் அத்திவாரம் போட்டு, அதன்மேல் இரண்டு வரி கல்லும் வைத்திருந்தார்கள். வெட்டிப் போட்ட போஞ்சிக் கொடிகள் ஓரத்தில் காய்ந்து கிடந்தன.

சோலைமலை பின்னாலேயே ஓடிவந்தான். "ராணி, ஒடம்பு இருக்கிற நெலமைக்கு கோவப்படாத. பொறகு பேசுவோம்."

அவள் திரும்பி வந்து முற்றத்துக் கதிரையில் உட்கார்ந்து பிரதாப்பிடம் கையை நீட்டினாள். அவர் மாட்டினார். எல்லோரும் மெஷினையே பார்த்தார்கள்.

"நூத்தி இருவது, எம்பது. நல்லா இருக்கு" என்றார் பிரதாப் மெதுவாக.

"சத்தமாச் சொல்லுங்க. இவங்களுக்கெல்லாம் கேக்கணும்."

"நல்லா இருக்கு! ஒன்னும் கொறையில்ல!"

"அப்ப நான் கோவப்படலாமா?"

பிரதாப் சோலைமலையைப் பார்த்தார், கங்காணியைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார். "படலாம்மா" என்றார்.

ஜீவராணி எழுந்தாள். "முத்துலிங்கண்ணே, வெயில் நாள்ல கழிக்கிற தண்ணியப் பத்தி நான் வேலைக்கு வந்த மொத நாளே பேசுவோம். பழத்தக் கொண்டுபோய் வீட்டுல குடுங்க." பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "ஒங்க தம்பிக்கு வீடு இல்லேன்னா தொரைகிட்டப் போய்க் கேளுங்க. நாலு தலமொறையா இந்தத் தோட்டத்துக்கு ஒழைச்சிருக்கோம், வீடு கட்ட ஒரு துண்டு நெலம் குடுன்னு அங்க போய் கோவப்படுங்க. நானும் வாரேன். ஒங்க ரெண்டு பேரையும்விட எனக்கு நல்லா வரும். ஆனா என் பாத்தியில கல் வைக்கிறதுக்கு நீங்க யாரு?"

முற்றத்தில் ஒருவரும் தண்ணீர் கொண்டுவரச் சொல்லவில்லை.

"அந்தக் கல்ல எடுங்க" என்றாள்.

"இப்பவா?"

"இப்பத்தான். நானே எடுத்துருவேன். ஆனா என்னையப் பாரம் தூக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. டொக்டர் எனக்கு ஆகாதுன்னு சொன்னது அது ஒன்னுதான்."

சோலைமலை சுற்றியிருந்த முகங்களைப் பார்த்தான். ஒரு முகமும் அவனுக்கு உதவிக்கு வரவில்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பின்பக்கம் போனான். ஜீவராணி கதிரையைத் தூக்கிவரச் சொல்லி, பாத்தி ஓரத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அவன் குனிந்து முதல் கல்லைத் தூக்கினான்.