காப்பிச் செடிக்குப் பத்து நாள் கெடு

இப்படி நெருங்கி உட்காருங்கள் கண்ணுகளா, என் முழங்கால் இடித்தாலும் பரவாயில்லை. பழுத்த பழத்தோடு வெட்டுப்படப் போன ஒரு காப்பிச் செடியின் கதையைச் சொல்கிறேன்.

மூன்றாவது மாடியில் ஒரு தையல்காரி குடியிருந்தாள். அவள் பால்கனியில் ஒரு பெரிய சிமெண்டுத் தொட்டி. அதில் அவளே விதை போட்டு வளர்த்த காப்பிச் செடி. நான்கு வருஷம் வெறும் இலையைக் காட்டி அவளைப் பைத்தியமாக்கிய செடி, ஐந்தாவது வருஷம் மல்லிகை மாதிரி வெள்ளையாகப் பூத்து, கிளை கிளையாகக் காய்த்தது. காய் பழுக்க எட்டு மாதம். பிள்ளைத்தாய்ச்சியைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டாள்.

முதல் பழம் சிவந்த வாரத்தில் வந்தது வினை. கீழ்வீட்டு நர்சம்மா தன் பால்கனியை அடைத்து அறையாக்கிக் கட்டில் போட்டிருந்தாள். கட்டிலுக்கு நேர் மேலே கூரை ஒழுகியது. வீட்டுக்காரர் அதை அண்ணாந்து பார்த்தார், மாடியேறி வந்து தொட்டியைப் பார்த்தார், முடிவு கட்டிவிட்டார்.

“பத்து நாளைக்கு இதுல ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தக் கூடாது. கீழே காஞ்சா, செடிதான் குற்றவாளி. வெட்டிட்டுத் தொட்டியை உடைச்சிடுவேன்.”

“காயலைன்னா சார்?”

“காயலைன்னா இருந்துட்டுப் போகட்டும்.”

வாக்குக் கொடுத்துவிட்டாள். ஆனால் காப்பிச் செடி நாலு நாள் தாகம் தாங்காது, இலையெல்லாம் தொங்கிப்போகும். அதைக் கண்ணால் பார்க்க அவளால் ஆகாது. அன்றே பால்கனிக் கதவைச் சாத்தித் திரையை இழுத்துவிட்டு, அதற்கு முதுகைக் காட்டித் தையல் மெஷினில் உட்கார்ந்தாள். ஒரு சட்டைக்குக் கையைத் தலைகீழாகத் தைத்தாள். பிரித்து மறுபடியும் தலைகீழாகவே தைத்தாள்.

மாலையானால் கீழே இறங்குவாள். “இன்னைக்கு எப்படிக்கா இருக்கு?”

நர்சம்மாவுக்கு வாயெல்லாம் பல். “குறைஞ்சிருக்கு தங்கச்சி! நேத்து வரைக்கும் வாளி வெச்சேன், இன்னைக்கு தம்ளரே போதும்.”

தையல்காரி மெல்லப் படியேறினாள். அடுத்த வீட்டுக் கூரை ஒழுகட்டும் என்று வேண்டிக்கொள்கிற நிலை எதிரிக்கும் வரக் கூடாது. ஏழாம் நாள், ஒரு வாளி ஊற்றினால் கூரை நனையும், செடி பிழைக்கும் என்று மனசு குரங்காகத் தாவியது. தாழ்ப்பாள் வரை போன கையை இழுத்துக்கொண்டாள்.

பத்தாம் நாள் கூரை சுக்காகக் காய்ந்திருந்தது. வீட்டுக்காரர் ரம்பத்தோடு வந்தார், பின்னால் நர்சம்மா. வேன் ஓட்டும் தையல்காரி புருஷனும் அன்று லீவு போட்டுவிட்டுச் சுவரோரம் நின்றான்.

“பழத்தையாவது பறிச்சுக்கிறேன் சார்.”

“சட்டுன்னு எல்லாத்தையும் உருவிக்கோ.”

“உருவக் கூடாது சார். பச்சையில பறிச்சா வாயில வைக்க முடியாது. சிவந்ததா பார்த்து ஒண்ணொண்ணாத்தான் கிள்ளணும்.”

“அப்போ பச்சை?”

அவள் திரையை விலக்கிக் கதவைத் திறந்தாள். பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு இலை தொங்கவில்லை. பழங்கள் கொழுகொழுவென்று நின்றன. மண்ணில் விரலை விட்டாள். விரலெல்லாம் சேறு.

“ஓஹோ! திருட்டுத்தனமா ஊத்தியிருக்கியா?” என்றார் வீட்டுக்காரர்.

“சத்தியமா நான் ஊத்தலை சார்!” என்றவள் சட்டென்று திரும்பினாள். “என்னங்க?”

புருஷன் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். “தினமும் ஒரு சொம்பு. நீ எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி. அது தொங்கறதைப் பார்த்துட்டு எனக்கு வண்டி ஓடலை. சொன்னா உன்னை ஏமாத்துக்காரின்னுடுவாங்கன்னு வாயைப் பொத்திக்கிட்டேன்.”

“என் வாக்கைக் காத்துல விட்டுட்டீங்களே!”

“போதும் உங்க நாடகம்,” என்று வீட்டுக்காரர் ரம்பத்தை அடித்தண்டில் வைத்தார். முதல் இழுப்பில் பட்டை கிழிந்தது.

“நிறுத்துங்க சார்!” நர்சம்மா குறுக்கே புகுந்தாள். “தினம் ஊத்தியும் என் கூரை காஞ்சிருக்கே! அப்போ செடி எப்படிக் குற்றவாளி?”

ரம்பம் நின்றது. நோயாளியை விசாரிப்பது போல அவளே கேட்டாள்: “பத்து நாளா இங்கே வேற என்ன நின்னுபோச்சு?”

“தரை,” என்றான் புருஷன் மெதுவாக. “இவ தினமும் ரெண்டு வாளி ஊத்தித் தரையைக் கழுவுவா. இந்தப் பத்து நாளா இந்தப் பக்கமே வரலை.”

நர்சம்மா தடதடவென்று படியிறங்கி ஓடினாள். வீட்டுக்காரரே ஒரு வாளித் தண்ணீரைப் பிடித்துத் தரையில் ஊற்றினார். தண்ணீர் மூலைக்கு ஓடி, சுவரோரம் இருந்த மயிரிழை விரிசலில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. இன்னொரு வாளி. கீழேயிருந்து சத்தமே இல்லை. தையல்காரி கிழிந்த பட்டையை விரலால் அழுத்திப் பிடித்தபடி நின்றாள். நேரம் போனது.

“பார்த்தியா...” என்று வீட்டுக்காரர் மறுபடி ரம்பத்தை எடுத்தார்.

“சொட்டுது! என் மண்டையிலேயே சொட்டுது!” கூரை ஒழுகியதற்கு அப்படிக் கூத்தாடிய மனுஷி உலகத்தில் அவள் ஒருத்திதான் இருப்பாள்.

வீட்டுக்காரர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. “கொத்தனாரை அனுப்பறேன்,” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

தையல்காரி சிவந்த பழங்களைக் கிள்ளத் தொடங்கினாள். புருஷன் ஓடிப்போய்க் கிண்ணம் கொண்டுவந்து நீட்டினான். வாங்கிக்கொண்டாள். பழத்தைப் பிதுக்கித் தோலை நீக்கி, வழவழப்புப் போகக் கொட்டையைத் தண்ணீரில் ஊறப் போட்ட பிறகுதான் வாய் திறந்தாள்.

“இனிமே தப்பு செய்யறதா இருந்தா, என்கிட்ட சொல்லிட்டுச் செய்யுங்க.”

“சொன்னா நீ விடமாட்டியே!”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபமும் போகவில்லை.

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டுக் கூரை ஒழுகாமல் இருக்கட்டும். நீங்கள் வைத்த செடியெல்லாம் காய்த்துப் பழுக்கட்டும். கோபித்துக்கொண்டு படுத்தவர்களும் உங்கள் வீட்டில் சிரித்துக்கொண்டே எழுந்திருக்கட்டும்.