மகாராஜன் அண்ணாச்சியின் மீட்டர் போர்டு

வண்ணார்பேட்டை வாகன எலக்ட்ரீசியன் மாலை வகுப்பில் பாக்கியசீலன் சார் என்னைத் தனியாகப் பார்க்கச் சொன்ன முதல் வண்டி அது. சீவலப்பேரி மகாராஜன் அண்ணாச்சி வாழைத்தார் ஏற்றும் லோடு வேன். மீட்டர் போர்டில் ஒரு முள்ளும் அசையவில்லை, ஒரு விளக்கும் எரியவில்லை. புது மீட்டரைக் கையோடு வாங்கி வந்திருந்தார்.

"காலையில ஆர்.டி.ஓ. ஆபீசுல எப்.சி.க்குக் கொண்டுபோய் நிப்பாட்டணும் தாயி. மீட்டர் ஓடலைன்னா திருப்பி அனுப்பிருவாங்க. இத மாட்டிக் குடு."

பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, பழையதை எடுத்துப் புதியதை மாட்டினேன். பேட்டரியை மறுபடி இணைத்துச் சாவியைத் திருப்பினேன். அதுவும் செத்தே கிடந்தது.

கூடப் படிக்கும் செந்தில்முருகன் எட்டிப் பார்த்தான். "ஏட்டி அனிஷா, புதுசையும் கொன்னுட்டியா?"

எனக்குப் பயமாக இருந்தது. நான்தான் எதையோ எரித்துவிட்டேனோ? சாரைக் கூப்பிட வாயெடுத்தேன், கூப்பிடவில்லை.

பியூஸ் நன்றாக இருந்தது. சோதனை விளக்கின் ஒரு முனையை மீட்டருக்கு வரும் மின்கம்பியில் வைத்து, மறுமுனையை வண்டியின் இரும்பில் தொட்டேன். எரிந்தது. இரும்புக்குப் பதிலாக மீட்டரின் எர்த் கம்பியில் தொட்டேன். எரியவில்லை. நம்ப முடியாமல் மறுபடியும் தொட்டேன். எரியவில்லை.

மின்சாரம் வருகிறது, திரும்பிப் போகத்தான் வழியில்லை. எர்த் கம்பியைப் பிடித்துக்கொண்டே போனேன். ஸ்டியரிங்குக்குக் கீழே, ஒரு போல்ட்டில் முடிந்தது. போல்ட்டைக் கழற்றினால் கம்பியின் வளையத்துக்கும் இரும்புக்கும் நடுவில் மஞ்சளாக ஏதோ கெட்டிப்பட்டிருந்தது. சுரண்டி முகர்ந்தேன். சந்தனம்.

"அண்ணாச்சி, இதைக் கழட்டுனீங்களா?"

"ஆயுத பூசைக்கு எல்லாத்தையும் கழட்டிக் கழுவுனேம்மா. ஒவ்வொரு போல்ட்டுக்கும் சந்தனம் வச்சுத்தான் பூட்டுனேன்."

"வெளிய வைக்கணும்வே, உள்ளயா வைப்பாங்க?" என்றான் செந்தில்முருகன்.

"சாமி காரியத்துல உள்ள என்னலே, வெளிய என்னலே?"

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, போல்ட்டை இறுக்கிச் சாவியைத் திருப்பினேன். விளக்குகள் எரிந்தன. டீசல் முள் எழுந்து பாதியில் நின்றது. அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஏறப் போனார்.

"இருங்க அண்ணாச்சி. பழச மாட்டிப் பாத்துருதேன்."

"அதான் ஓடுதுல்லா?"

"பழசு கெட்டுருச்சான்னு இன்னும் யாரும் பாக்கலையே."

செந்தில்முருகன் தலையில் அடித்துக்கொண்டான். எனக்கும் அதிகப்பிரசங்கித்தனமாகத்தான் பட்டது. ஆனாலும் மாட்டினேன். பழைய மீட்டரில் எல்லா முள்ளும் எழுந்தன. ஓடிய கிலோமீட்டரும் அப்படியே இருந்தது. வளாகத்துக்குள் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தோம். வேக முள் ஒழுங்காக ஏறி இறங்கியது. புதியதை அதன் பெட்டியிலேயே வைத்துக் கொடுத்தேன்.

மறுநாள் மாலை வகுப்பின்போது அண்ணாச்சி சாருக்குப் போன் செய்தார். எப்.சி. கிடைத்துவிட்டதாம். "யாரு பாத்ததுன்னு அங்கன கேட்டாங்க, ஒம்ம வகுப்புப் புள்ளன்னு சொன்னேன் சார்," என்று அவர் சொன்னது ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது.

வகுப்பு முடிந்ததும் செந்தில்முருகன் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தான். "பெட்ரோல் முள்ளு கெடந்து ஆடுது. மீட்டர மாத்திருவமா?"

"மொதல்ல பாப்போம்," என்றேன். குரல் கொஞ்சம் கூடவே கம்பீரமாக வந்துவிட்டது. பரவாயில்லை.